நெட்டை வந்தால் பால்கனி

"வந்துட்டாப்பா நம்ம குஷன்! எல்லாரும் எந்திரிச்சு நில்லுங்க. நீங்க உட்கார்ந்திருக்கிற கலர் அவளுக்கு ஆகாது."

மூத்த மருமகளின் வரவேற்பு எப்போதும் இப்படித்தான். ஞாயிற்றுக்கிழமை மதியம் மாமியார் வீட்டில் எல்லோரும் சாப்பாட்டுக்குக் கூடுவார்கள். இளைய மருமகள் படியேறும்போதே இந்தக் குரல் வாசலுக்கு வந்து நிற்கும்.

"நான் டிசைனர் அக்கா."

"தெரியுமே. தலையணைக்கு உறை மாட்டுறது."

"அது டெக்கரேட்டர். கட்டி முடிச்ச ரூமுக்குத் திரை, தலையணை, பூச்சாடி வாங்கிப் போடுறவங்க. நாங்க ரூமையே வடிவமைக்கிறவங்க. சுவர் எங்க நிக்கணும், வெளிச்சம் எங்கேருந்து விழணும், ஆளு எப்படி நடக்கணும்..."

"ஆளு எப்படி நடக்கணுமா? அதுக்கா காலேஜுக்குப் போன? எம் பையன் ஒரு வயசுலயே அதைப் படிச்சு முடிச்சுட்டான்."

மாமியார் சிரிப்பார். மூத்தார், அதாவது மூத்தவளின் கணவர், சிரிக்கலாமா என்று மனைவியின் முகத்தை ஒரு தரம் பார்த்துவிட்டுச் சிரிப்பார். இளையவளின் சொந்தக் கணவன் தண்ணீர் டம்ளருக்குள் முகத்தை விட்டுக்கொண்டு சிரிப்பான். அந்தக் கடைசிச் சிரிப்பு மட்டும் அவளோடு வீடு வரைக்கும் வரும்.

மூத்தவள் ஆடிட்டர். பிறர் எழுதிய கணக்கில் ஓட்டை கண்டுபிடிப்பது தொழில்; பிறரிடம் ஓட்டை கண்டுபிடிப்பது பொழுதுபோக்கு. காய்கறி வாங்கப் போனால் தராசுத் தட்டைத் தூக்கி அடியில் பார்ப்பாள். டாக்டர் மருந்து எழுதினால் அவர் எங்கே படித்தார் என்று விசாரிப்பாள். "என் கண்ணுல மண்ணைத் தூவ இனிமேதான் ஒருத்தன் பொறந்து வரணும்" என்று சொல்லிக்கொள்வதில் அவளுக்கு அலுப்பே கிடையாது.

இளையவளும் லேசுப்பட்டவள் இல்லை. இளக்காரத்தில் இரண்டு பேரும் ஒரே பள்ளிக்கூடம். கல்லூரியில் அலங்காரம் மட்டும் படித்த பெண்களுக்கு "உறைக்காரிகள்" என்று பெயர் வைத்தவளே இவள்தான். ஜன்னல் திரைக்கு ஒரு நிறம் சொல்லேன் என்று கேட்ட பாவத்துக்கு, சின்ன வயதுத் தோழி ஒருத்தியோடு பேச்சையே நிறுத்தியவள். அப்பேர்ப்பட்டவளைப் பிடித்து ஒரு குடும்பமே குஷன் என்று கூப்பிட்டால் எப்படி இருக்கும்!

பதவி, சம்பளம் எல்லாம் ஆபீஸ் சமாச்சாரம், வரும், போகும். அவளுக்கு வேண்டியிருந்தது வேறு. மூத்தவளின் வாயால், மாமியார் காதுபட, ஒரே ஒரு பேச்சு. "நல்லா இருக்கே, இது நீ பண்ணினதா?" என்று கேட்டால் போதும். கல்யாணமான நாளிலிருந்து அதற்காகத்தான் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போய்க்கொண்டிருந்தாள். போய், குஷன் ஆகிவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தாள்.

அவள் வேலை பார்த்தது அடுக்குமாடி கட்டி விற்கும் ஒரு கம்பெனியில். அங்கே அவள் செய்ததெல்லாம் ஒன்றே ஒன்று: மாதிரி வீடு. கட்டடம் பாதி எழும்பும்போதே ஒரு வீட்டை மட்டும் முடித்து, சாமான் போட்டு, விளக்கேற்றி வைத்திருப்பார்கள். வாங்க வருகிறவர்கள் அதைச் சுற்றிப் பார்த்துவிட்டு, மேலே சிமெண்ட் கூடாக நிற்கும் தங்கள் வீட்டுக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவார்கள்.

மாதிரி வீட்டில் எல்லாமே பொய். டி.வி. அட்டையில் செய்தது. அலமாரிப் புத்தகங்களுக்கு முதுகு மட்டும் உண்டு, வயிறு கிடையாது. குழாயைத் திருகினால் காற்றுகூட வராது. கதவுகளைக் கழற்றி எடுத்துவிடுவார்கள். கதவு இருந்தால் அது திறக்க இடம் வேண்டும், இடம் போனால் அறை சின்னதாகத் தெரியும். எல்லாவற்றுக்கும் மேலான பொய், சாமான்களின் அளவு. கட்டில், சோபா, சாப்பாட்டு மேஜை, நாற்காலி எல்லாம் கண்ணுக்கு அசல் மாதிரியே இருக்கும். ஆனால் ஒவ்வொன்றும் சற்றே குட்டை, சற்றே குறுகல், சொல்லிச் செய்தவை. கட்டில் குட்டையானால் அறை நீளும். இது கண்ணுக்குத் தெரியாது, காலுக்குத்தான் தெரியும். வீடு வாங்க வருகிறவர்கள் காலால் பார்ப்பதில்லை.

"உட்கார்ந்து பார்க்க மாட்டாங்களா?" என்று வேலைக்குச் சேர்ந்த புதிதில் கேட்டாள்.

"மாட்டாங்க மேடம்," என்றார் விற்பனை மேலாளர். எந்நேரமும் வாயெல்லாம் பல்லாக இருப்பதால் ஆபீஸில் அவருக்குப் பல்லழகன் என்று பெயர். "வெள்ளை விரிப்பைப் போட்டு வச்சிடுங்க, ஒருத்தனும் உட்கார மாட்டான். உள்ளங்கையால ரெண்டு அழுத்து அழுத்திட்டு, ஆஹான்னு சொல்லிட்டுப் போயிடுவான்."

"ரொம்ப உயரமா யாராவது வந்தா?"

"நெட்டை வந்தா பால்கனி."

அது அங்கே எழுதாத சட்டம். உயரமான ஆள் ஒருவர் அந்தச் சோபாவுக்குப் பக்கத்தில் நின்றால் போதும், அத்தனை சாமானின் குட்டும் உடைந்துவிடும். அதனால் நெட்டையான ஆள் வாசலில் தலையைக் காட்டியவுடனே, "சார், முதல்ல வெளியே வியூவைப் பாருங்க" என்று பல்லழகன் அவரைத் தோளில் கைபோட்டு ஓட்டிக்கொண்டு போவார். அந்த வீட்டில் நிஜ அளவில் இருந்தது பால்கனி ஒன்றுதான்.

இளையவள் இதற்கெல்லாம் கூசினாளா என்றால், ஒரு வாரம் கூசினாள். பிறகு வருகிறவர்களைப் பார்க்கப் பார்க்க அவர்கள்மேல் ஏளனம்தான் வளர்ந்தது. துடைப்பத்தை எங்கே வைப்பது என்று ஒருவர்கூடக் கேட்டதில்லை. ஈரத் துணி எங்கே காயும், அரிசி மூட்டை எங்கே நிற்கும், ஒன்றும் இல்லை. சோபாவில் கிடக்கும் மஞ்சள் குஷனைப் பார்த்ததும், இனிமேல் நம் வீட்டில் சண்டையே வராது என்பதுபோல் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள். இவர்களுக்கு நிஜக் கட்டில் ஒரு கேடா என்று நினைத்துக்கொள்வாள். சோபாவில் அந்தக் குஷன்களை அடுக்கியதும் அவள்தான் என்பதை மட்டும் வீட்டில் மூச்சு விட்டதில்லை.

எங்கே வேலை பார்க்கிறாள் என்பதையே அவள் வீட்டில் சரியாகச் சொன்னதில்லை. புகுந்த வீட்டு ஆண்கள் இருவரும் ஒட்டடைக் குச்சிகள். அண்ணன் இன்னும் ஒரு சாண் கூட. அவர்களை இங்கே கூட்டிவந்து எங்கே நிறுத்துவது?

ஆனால் ஒரு விஷயம் உண்டு. அந்த மாதிரி வீட்டில் வெளிச்சம் மட்டும் நிஜம். கூரை ஓரத்தில் விளக்குகளை மறைத்து, சுவர் வழியாகவே ஒளி வழிந்து இறங்கும்படி அவள் செய்திருந்தாள். யாரும் அதைக் கவனித்ததில்லை. எல்லோரும் மஞ்சள் குஷனைப் பார்த்தார்கள்.

ஒரு நாள் காலை அவள் அங்கே பின்னறையில் இருந்தாள். கழற்றிய கதவுகளையெல்லாம் சுவரோடு சாய்த்து வைத்திருக்கும் அறை. வீட்டில் கதவு மாட்டியிருக்கிற ஒரே அறையும் அதுதான். விரிப்புகளை எண்ணி மடித்துக்கொண்டிருந்தவளுக்கு, வெளியே கேட்ட குரலில் கை அப்படியே நின்றது.

"எதைச் சொன்னாலும் காகிதத்துல காட்டணும். வாய்ப்பேச்செல்லாம் எங்கிட்ட வேண்டாம். என் கண்ணுல மண்ணைத் தூவ முடியாது."

"கண்ணாலயே பாருங்க மேடம். சார், நீங்க இப்படி வாங்க, பால்கனியிலேருந்து ஆறு தெரியும்..."

கதவிடுக்கு வழியாகப் பார்த்தாள். மூத்தார் பால்கனிக்கு ஓட்டப்பட்டுவிட்டார். மூத்தவள் ஹாலின் நடுவே இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றாள். சரி, தொலைந்தோம் என்று இளையவள் மூச்சைப் பிடித்துக்கொண்டாள். தராசைக் கவிழ்த்துப் பார்க்கிறவள் சோபாவைக் கவிழ்க்காமல் விடுவாளா?

மூத்தவள் சுற்றிலும் பார்த்தாள். பிறகு, அவள் வாயிலிருந்து அதுவரை யாரும் கேட்டிராத ஒரு சத்தம் வந்தது.

"யப்பா!"

"பிடிச்சிருக்கா மேடம்?"

"இருங்க, பேசாதீங்க. இந்த வெளிச்சத்தைப் பாருங்க. மூஞ்சியில அடிக்காம, சுவரைத் தடவிக்கிட்டு இறங்குது பாருங்க. இதை யாரோ உட்கார்ந்து யோசிச்சிருக்காங்க. சும்மா பல்பு மாட்டுற வேலை இல்ல இது."

கதவுகளுக்கு நடுவே நின்ற இளையவள் மடித்து வைத்த விரிப்பை மறுபடி பிரித்தாள். அத்தனை பேரில், போயும் போயும் இவளுக்கா அது கண்ணில் பட வேண்டும்!

"இதுதாங்க டிசைன்," மூத்தவள் தொடர்ந்தாள். "எங்க வீட்லயும் ஒருத்தி இருக்கா. டிசைனராம். தலையணை உறையைத் தூக்கிக்கிட்டு ஊரைச் சுத்துறா. அவளைக் கூட்டிட்டு வந்து இதைக் காட்டணும், அப்பவாச்சும் புத்தி வருதான்னு பாக்கலாம். யாரு பண்ணினது இது?"

"வெளிநாட்டு ஸ்டுடியோ மேடம்." கம்பெனி எல்லோருக்கும் சொல்லும் பதில் அது.

"அதானே பார்த்தேன். சரி, மேல எந்த மாடியும் எனக்கு வேண்டாம். இதே வீடு வேணும். இந்தச் சாமானோட."

பல்லழகனின் பல் முதல்முறையாக உள்ளே போனது. "சாமானோடயா மேடம்?"

"ஒரு ஆணி நகரக் கூடாது. அந்த மஞ்சள் குஷன் உட்பட."

பல் மீண்டும் வெளியே வந்தது. வேலை முடிந்ததும் உடைத்து எறிய வேண்டிய சாமான். அதையும் கட்டிக்கொண்டு போக ஓர் ஆள் கிடைத்தால் கசக்குமா?

இளையவள் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தாள்.

"அக்கா."

மூத்தவள் திரும்பினாள். "நீ எங்கேருந்துடி முளைச்ச? தூசி தட்ட வந்தியா?"

"இது நான் பண்ணினது."

"எது?"

"இந்த வீடு. நீங்க சொன்னீங்களே, அந்த வெளிச்சம். எல்லாமே."

மூத்தவள் பல்லழகனைப் பார்த்தாள். பல்லழகன் விட்டத்தைப் பார்த்தார். "மேடமும் நம்ம டீம்ல... ஒரு உதவிக்கு இருக்காங்க."

"ஓ, உதவிக்கு! அப்படிச் சொல்லு. வெளிநாட்டுக்காரன் வரைஞ்சு அனுப்பினான், நீ குஷனை அடுக்கின. அதை மறைப்பானேன்? குஷன் நல்லாத்தான் அடுக்கியிருக்க, நான் இல்லேங்கலையே."

இளையவளுக்குத் தலைக்கேறியது. உழைத்ததற்குப் பெயர் வெளிநாட்டுக்காரனுக்கு, குஷன் மட்டும் தனக்கு. என்ன சொல்கிறோம், யார் பிழைப்பில் மண் விழும் என்பதெல்லாம் அந்த நேரத்தில் மறந்துபோயிற்று.

"அப்ப இதையும் கேட்டுக்கோங்க. அந்தக் கட்டில் குட்டை. உங்க வீட்டுக்காரரால அதுல காலை நீட்ட முடியாது. சோபா, மேஜை, நாற்காலி எல்லாம் அளவு குறைச்சுப் பண்ணினது, ரூம் பெருசாத் தெரியணும்னு. டி.வி. அட்டை. புத்தகம் அட்டை."

பல்லழகன் இருமினார். இருமல் நிற்கவில்லை.

"பின்னறையைத் தவிர இந்த வீட்ல ஒரு கதவாச்சும் இருக்கா, பார்த்தீங்களா? எல்லாத்தையும் கழட்டி வச்சிருக்கோம். பாத்ரூமுக்குக்கூடக் கதவு இல்ல. ஆடிட்டர்தானே நீங்க?"

மூத்தவள் திரும்பிப் பார்த்தாள். படுக்கையறைக்குக் கதவில்லை. பாத்ரூமுக்குக் கதவில்லை. ஹாலில் நின்றபடியே கழிப்பறைக் கோப்பை பளபளவென்று தெரிந்தது. ஒரு கணம் அவள் முகம் சுண்டியது. இளையவள் அந்தக் கடைசிக் கேள்வியை மட்டும் கேட்காமல் இருந்திருந்தால், மூத்தவள் அப்போதே கைப்பையை மாட்டிக்கொண்டு கிளம்பியிருப்பாள். ஆடிட்டர்தானே நீங்க என்று கேட்டது குஷன். குஷன் கேட்டு ஆடிட்டர் எப்படித் தலை குனிவது?

"கதவை மாட்டித் தருவாங்க. டி.வி. நான் வாங்கிப்பேன். இதெல்லாம் ஒரு குத்தமா?"

"கட்டில்?"

"ஏங்க! இங்க வாங்க!"

பால்கனியிலிருந்து மூத்தார் குனிந்து வந்தார். "ஆறு நல்லாத் தெரியுது" என்று ஆரம்பித்தவர், தம்பி மனைவியைப் பார்த்ததும், "அட, நீயும் வந்திருக்கியாம்மா?" என்றார்.

"அப்புறம் விசாரிங்க. கட்டில்ல படுங்க."

"எதுக்கு? ஷூ போட்டிருக்கேனே."

"கழட்டிட்டுப் படுங்கன்னா!"

படுத்தார். தலை தலையணையில் இருந்தது. கணுக்காலுக்குக் கீழே இரண்டு பாதங்களும் கட்டிலைத் தாண்டி, கடைக்கு வெளியே மாட்டிய சாமான் மாதிரி தொங்கின. அவர் மனைவியின் முகத்தைப் பார்த்தார். அந்த முகத்தை இத்தனை வருஷம் படித்த மனுஷர். மெதுவாக முழங்காலை மடக்கிக்கொண்டார்.

"எப்படி இருக்கு?"

"நல்லாத்தான் இருக்கு. காலை இப்படி வச்சுக்கிட்டா."

"இடிக்குதா?"

"தலை இடிக்கலை."

மூத்தவள் எல்லாவற்றையும் பார்த்தாள். தராசுத் தட்டின் அடியையே பார்க்கிற கண்ணுக்கு இரண்டு பாதங்கள் தெரியாமல் போகுமா? அவள் பார்த்ததை இளையவளும் பார்த்தாள். இப்போது, இப்போது ஒப்புக்கொள்வாள் என்று காத்திருந்தாள்.

"மனுஷன்னா காலை மடக்கித்தான் தூங்கணும். முதுகுக்கு நல்லது. அதெல்லாம் தெரிஞ்சுதான் வெளிநாட்டுக்காரன் பண்ணியிருக்கான்," என்றாள் மூத்தவள். பல்லழகனிடம், "எங்க கையெழுத்துப் போடணும்?" என்று கேட்டுக்கொண்டே நடந்தவள் வாசலில் நின்று திரும்பினாள். "வயித்தெரிச்சல் படாதடி. பக்கத்துலயே நின்னு பார்த்திருக்க, கொஞ்சம் கத்துக்கோ."

மூத்தார் கட்டிலிலேயே மடங்கிக் கிடந்தார். எழுந்திருக்கலாம் என்று யாரும் அவருக்குச் சொல்லவில்லை.

சாமானோடு வீடு விற்றதில் கம்பெனிக்காரருக்குத் தலைகால் புரியவில்லை. அடுத்த கட்டடத்துக்கு அவளையே தலைமை டிசைனர் ஆக்கினார். ஆபீஸ் அறைக் கதவில் அவள் பெயர்ப் பலகை வந்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை அதைச் சாப்பாட்டுக்கு நடுவில் சொன்னாள்.

"நான் தலைமை டிசைனர் ஆயிட்டேன் அத்தை."

"அப்படியா, சந்தோஷம்," என்றார் மாமியார்.

"அப்ப இனிமே குஷன்னு கூப்பிட முடியாது," என்றாள் மூத்தவள். "மெத்தைன்னுதான் கூப்பிடணும்."

தண்ணீர் டம்ளருக்குள் சிரிப்புக் கேட்டது.

கட்டடம் முடிந்து, சாமான் சட்டி ஏற்றிக் குடிபோய்ச் சில வாரங்கள் கழித்து, மூத்தவள் எல்லோரையும் புது வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டாள். இளையவள் போக மாட்டேன் என்றாள். "போகலைன்னா அண்ணி இன்னும் ஒரு வருஷத்துக்கு அதையே பேசுவாங்க" என்று கணவன் சொன்னதும் கிளம்பினாள்.

அவள் செய்த வீடு. இப்போது அதில் ஆட்கள் இருந்தார்கள். அதுதான் கெட்டுப்போய்விட்டது.

மூத்தார் சாப்பாட்டு மேஜையில் முழங்கால்கள் தட்டுக்கு மேலே தெரிய உட்கார்ந்திருந்தார். அவர் குழம்பை ஊற்றிக்கொள்ள நிமிர்ந்தபோதெல்லாம் மேஜையும் சேர்ந்து நிமிர்ந்தது. கதவுகளை மாட்டியிருந்தார்கள். படுக்கையறைக் கதவு பாதி திறந்ததும் கட்டிலில் முட்டிக்கொண்டு நின்றது; உள்ளே போகிறவர்கள் மூச்சை உள்ளிழுத்துப் பக்கவாட்டில் நுழைய வேண்டியிருந்தது. சோபாவுக்கு அடியிலிருந்து துடைப்பத்தின் காம்பு எட்டிப் பார்த்தது. இளையவள் அதைக் காலால் உள்ளே தள்ளினாள். துடைப்பம் வைக்க அவள் எங்கே இடம் விட்டிருந்தாள்?

"அண்ணா, நீ எங்க தூங்குற?" என்று தம்பிக்காரன் கேட்டான்.

"அது... அங்க இங்க."

பால்கனியில் பாயும் போர்வையும் சுருட்டி வைக்கப்பட்டிருந்தன.

"அவருக்குக் காத்து வேணும்," என்றாள் மூத்தவள். "பால்கனியில படுத்தாத்தான் தூக்கமே வருது. மாட்டேன்னா கேக்குறாரா?"

மூத்தார் ஆமாம் என்று தலையாட்டினார். மேஜையும் ஆடியது.

"நாற்காலி ரொம்பத் தாழ்வா இருக்கே அண்ணி?"

"செரிமானத்துக்கு நல்லது. உசரமா உட்கார்ந்து சாப்பிடக் கூடாதுன்னு இப்ப எல்லாரும் சொல்றாங்க."

"இந்த மேஜை?"

"பேசாம சாப்பிடுங்க தம்பி. வீட்டைப் பார்க்க வந்தீங்களா, இன்ஸ்பெக்ஷனுக்கு வந்தீங்களா?"

ஹாலில் சோபாவில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்த மாமியாரின் கூச்சல் அப்போதுதான் கேட்டது. எல்லோரும் ஓடினார்கள். மாமியார் சோபாவுக்குள் இருந்தார். உட்காரும்போது உள்ளே போனவர், எழ முடியாமல், கையில் தட்டோடு, முழங்கால் நெஞ்சில் முட்ட, மல்லாத்திப் போட்ட ஆமைபோல் ஆடிக்கொண்டிருந்தார்.

"என்னைத் தூக்குங்கடா! எந்த மடப்பய பண்ணினான் இந்தச் சோபாவை? இது மனுஷன் உட்கார்றதுக்கா, பொம்மை உட்கார்றதுக்கா?"

மூத்தவள் மெதுவாகத் திரும்பி இளையவளைப் பார்த்தாள்.

"மடப்பய இல்ல அத்தை. நம்ம வீட்டு ஆளுதான். குஷன்தான் பண்ணினா. சோபா மட்டும் இல்ல, இந்த வீடு மொத்தமும் அவ டிசைன். அவளே எங்கிட்ட வாயால சொன்னா. அவளையே கேளுங்க."

வந்துவிட்டது. கல்யாணமான நாளிலிருந்து அவள் காத்திருந்த பேச்சு, அதே வாயால், மாமியார் காதுபட, சாட்சியோடு வந்துவிட்டது. சோபாவுக்குள்ளிருந்து மாமியாரின் கண்கள் அவளைப் பார்த்தன. மூத்தார் தரையைப் பார்த்தார். கணவன்கூட, கையில் டம்ளர் இருந்தும், சிரிக்கவில்லை.

நான் அன்றைக்கே எச்சரித்தேன் என்று அவள் சொல்லியிருக்கலாம். கட்டில் குட்டை என்று சொன்னேனா இல்லையா என்று மூத்தவளை உலுக்கியிருக்கலாம். வாயைத் திறந்தாள். வந்தது வேறு.

"ஆமா அத்தை. நான்தான் பண்ணினேன். அந்த வெளிச்சத்தைப் பாருங்களேன்."

"வெளிச்சம் கிடக்கட்டும்டி, முதல்ல என்னை எந்திரிக்க வைங்க!"

தம்பி ஒரு கையையும் அண்ணன் ஒரு கையையும் பிடித்து இழுத்தார்கள். மாமியார் வெளியே வந்தார். மஞ்சள் குஷனும் ஒட்டிக்கொண்டு வந்தது.

அமளி அடங்கியதும் மூத்தவள் இளையவளைக் கையைப் பிடித்துப் படுக்கையறைக்குள் இழுத்தாள். இருவரும் ஒருவர் பின் ஒருவராகப் பக்கவாட்டில் நுழைந்தார்கள்.

"திருப்தியா?" என்றாள் மூத்தவள்.

"எதுக்கு?"

"எல்லார் முன்னாலயும் உன் பேரைச் சொல்லிட்டேனே. இதுதானே உனக்கு வேண்டியிருந்தது?"

"உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாம? ஞாயித்துக்கிழமையானா என் வாயையே பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருப்ப, எலும்புத் துண்டு எப்ப விழும்னு பார்க்கிற மாதிரி. நானும் போடாமலே ஓட்டிட்டேன்." அவள் குரலைத் தாழ்த்தினாள். "சரி, அளக்கிற டேப் வச்சிருக்கியா?"

"எதுக்கு?"

"இவருக்கு ஒரு கட்டில் வேணும். நிஜக் கட்டில். யாருக்கும் தெரிய வேண்டாம்."

"கடையில போய் வாங்குங்க அக்கா. நான் டிசைனர்."

"கடைக்காரன் ரூமைப் பார்க்க வருவான். கதவு இடிக்கிறதைப் பார்ப்பான். யாரு வாங்கினதுன்னு கேட்டுச் சிரிப்பான்."

"நான் சிரிக்க மாட்டேனா?"

"நீ சிரிச்சு முடிச்சுட்டியேடி. எடு."

இளையவள் கைப்பையிலிருந்து டேப்பை எடுத்தாள். மூத்தவள் அதன் நுனியைப் பிடுங்கிச் சுவரோடு அழுத்திப் பிடித்தாள். இளையவள் இழுத்துக்கொண்டே பின்னால் போனாள். கட்டைவிரல் தானாக ஓர் இடத்தில் நின்றது.

"அங்க ஏன் நிறுத்துற?"

இளையவள் விரலைப் பார்த்தாள். பழைய கட்டில் முடிந்த அதே இடம். இத்தனை வருஷத்தில் எத்தனை கட்டில் போட்டிருப்பாள்! ஒருவராவது படுப்பார் என்று நினைத்து ஒன்றுகூடப் போட்டதில்லை. கை வேறு அளவைக் கற்றுக்கொள்ளவே இல்லை. மஞ்சள் குஷனைப் பார்த்து வாயைப் பிளந்த ஜனங்களை நினைத்தாள். அவர்களைப் பார்த்துச் சிரித்ததையும் நினைத்தாள். இப்போது சிரிப்பு வரவில்லை.

"இன்னும் இழு. அவர் கால் எங்க போகும்?"

"இதுக்கு மேல போனா ரூம் சின்னதாத் தெரியும் அக்கா."

"தெரிஞ்சாத் தெரியட்டும். இழுங்கிறேன்ல."

இழுத்தாள். டேப் கதவைத் தொட்டது. கதவு சாத்திக்கொண்டது.

"இவ்வளவு நீளம் போட்டாக் கதவு திறக்காது. கட்டில் வேணுமா, கதவு வேணுமா?"

மூத்தவள் கதவைப் பார்த்தாள், கட்டிலைப் பார்த்தாள், சுவரில் வழிந்து இறங்கிக்கொண்டிருந்த வெளிச்சத்தையும் ஒரு தரம் பார்த்தாள்.

"கதவைக் கழட்டிடு."

வெளியே பாய்ச் சுருளைக் கட்டிக்கொண்டு நின்ற மூத்தாரின் காதில் அது விழுந்துவிட்டது போலிருக்கிறது. கதவைத் தள்ளிய சந்தில் பாதி முகம் தெரிந்தது.

"படுக்கிற ரூமுக்குக் கதவு இல்லாமலா? எப்படிம்மா, ஜனங்க வந்து போற வீடு..."

"உங்களை யாரு கேட்டா?" என்றாள் மூத்தவள். "போங்க, போய் பால்கனியில நில்லுங்க."